நாலாம் மாடி மாகாணம்

இத்தாலியின் தீவு நகரமான பலெர்மோவில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய தெருவில், நாலாம் மாடி வீடொன்றுக்குள் பதினொரு வருடமாகத் தினமும் காலை பத்து மணிக்கு வந்து பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த கடல், 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி, சனிக்கிழமை, திரும்பிப் போகவில்லை. அன்று அந்த வீட்டில் வேலைக்கு நின்றவர் நெடுந்தீவைச் சேர்ந்த புனிதமலர், வயது முப்பத்தாறு. அவருடைய எட்டு வயது மகள் அனிற்றா, ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடையொன்றில் சமையல் செய்யும் தாய்மாமன் எமிலியானுஸின் அறையில், அம்மா அஞ்சு மணி பஸ்ஸில் வருவா என்று யன்னலடியில் நின்றாள். அம்மா அந்த பஸ்ஸில் வரவில்லை. அடுத்த நாலு வருடம் ஓடிய எந்த பஸ்ஸிலும் வரவில்லை. பலெர்மோத் தமிழரில் பாதிப்பேர் இந்தக் கதையைப் பிழையாகச் சொல்கிறார்கள். மற்றப் பாதிப்பேர் வேண்டுமென்றே பிழையாகச் சொல்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடல் இங்கே துறைமுகத்தில் கிடக்கும் கடல் அல்ல, யப்பான் கடல். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேராசிரியர், தெருவில் எல்லோரும் அவரைப் புரொபெஸ்ஸோரே என்றே கூப்பிட்டார்கள். அவர் ஓக்கி என்ற பழைய யப்பானியத் தீவு மாகாணத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். நாலு பெரிய தீவு, நூற்றெண்பது சின்னத் தீவு, அதிகமும் பாறையும் மாடும். மனிசன் யப்பானுக்கு ஒருநாளும் போனதில்லை. விமானம் ஏறினால் காது அடைக்குமாம். காலை பத்து மணிக்குப் பேனையைத் திறப்பார், நாலு மணிக்கு மூடுவார். பேனை திறந்திருக்கும் நேரம் முழுக்கக் கடல் கணுக்கால் அளவுக்கு வீட்டுக்குள் நிற்கும். அந்த மாகாணம் அரண்மனைக்குச் சிப்பி இறைச்சியும் கடற்பாசியும் வரியாகக் கட்டிய காலத்தை அவர் எழுதிய வருடத்தில், குசினித் தொட்டிக்குள் சிப்பி கிடந்தது. தன்னுடைய கால் நனைவதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. படித்த ஆட்கள் அப்படித்தான்.

அந்த வீடு ஞானம்பிகையின் வீடு. பலெர்மோத் தமிழர் வாயில் வீடு என்றால் குடியிருக்கிற இடமல்ல, துடைக்கிற இடம். எனக்கு மூன்று வீடு என்று ஒருவர் சொன்னால், மூன்று வெள்ளைக்காரர் வீட்டில் அவருக்கு வாளியும் துணியும் இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போகிறவர் வீட்டைச் சும்மா விட்டுவிட்டுப் போக ஏலாது, பதிலுக்கு ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும். உரியவர் திரும்பி வந்தால், பதிலுக்கு நின்றவர் அடுத்த நாளே கதவுத் திறப்பைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அதற்குப் பெயர் வீடு களவு. இங்கே ஒருவர் கொலை செய்தாலும் ஏதும் காரணம் இருந்திருக்கும் என்று கதைத்து விடுவார்கள். வீடு களவெடுத்தவரோடு கோயிலிலும் கதைக்கமாட்டார்கள், சேர்ச்சிலும் கதைக்கமாட்டார்கள். பிள்ளை பெரியபிள்ளையானால் வைக்கிற சாமத்தியவீட்டுக்குச் சொல்லமாட்டார்கள்.

ஞானம்பிகை கொக்குவில்காரி. ஐம்பத்தைந்து வயது, பலெர்மோவில் பத்தொன்பது வருடம், கோயில் நிர்வாகத்தில் பெண்களுக்குள் மூத்தவர். கோபம் அவருக்கு மூக்குக்கு மேலே நிற்கும். ஒப்பந்தப்படி அவருக்குக் காலை ஏழிலிருந்து ஒரு மணிவரை வேலை. ஆனால் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாளியைக் கவிழ்த்துவிட்டு இறங்கிவிடுவார். பதினொரு வருடமும் அப்படித்தான். கடல் வருகிற விசயத்தைக் கணவர் பேரின்பநாயகத்துக்குக்கூட அவர் சொல்லவில்லை. சொன்னால் ஊர் வாய் சும்மா இராது. பிறகு, அப்ப நீங்கள் பத்து மணியோடை வெளிக்கிட்டு விடுவியளோ என்று ஒருத்தி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஒரு முழுக் கடலை அவர் பதினொரு வருடம் மறைத்து வைத்திருந்தார்.

2019 யூலை முதலாம் திகதி நல்லூர்த் திருவிழாவுக்கென்று மூன்று மாதம் ஊருக்குப் போனார். பதிலுக்குப் புனிதமலரை நிறுத்தினார். ஏன் புனிதமலர் என்றால், தீவாள், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, தன்னோடு போட்டிக்கு வர அவளுக்கு வாய் இல்லை என்ற நினைப்பு. யாழ்ப்பாணத்தாருக்குத் தீவார் என்றால் அப்படி ஒரு இளக்காரம். ஏழாயிரம் கிலோமீற்றர் தள்ளி இன்னொரு தீவுக்கு வந்து கக்கூஸ் கழுவும்போதும் அந்த இளக்காரத்தை மட்டும் நனையாமல் கொண்டுவந்திருக்கிறார்கள், வெட்கம் கெட்டவர்கள். வீட்டை ஒப்படைக்கும்போது சொல்லவேண்டியதெல்லாம் ஞானம்பிகை சொன்னார். எந்தக் குழாய் ஒழுகும், எந்தக் கோப்பையைத் தொடக்கூடாது, எந்த யன்னலைத் திறந்தால் பூட்ட ஏலாது. கடலைச் சொல்லவில்லை. வேலை ஏழிலிருந்து ஒன்று என்று மட்டும் அழுத்திச் சொன்னார்.

முதல் நாள் பத்து மணிக்குத் தண்ணீர் வந்தபோது புனிதமலர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அரை மணிநேரம் துடைத்துப் பார்த்தார். பிறகு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்பு என்று தெரிந்ததும் துணியைப் பிழிந்து காயப்போட்டார், ஏனென்றால் கடலைத் துடைக்க ஏலாது என்பது நெடுந்தீவில் பிறந்தவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கதவு நாலு மணிவரை திறபடவில்லை. வீட்டில் நனையாத இடம் பல்கனி மட்டும்தான். புரொபெஸ்ஸோரே அங்கே இருந்து எழுதினார், எதிரே கிடந்த கதிரையை அவருக்குக் காட்டினார். பிறகு தினமும் அப்படியே நடந்தது. ஏழிலிருந்து பத்துவரை வேலை, பத்திலிருந்து நாலுவரை கதிரை. அக்கா இதைச் சொல்லாமல் விட்டது மறதியில் இல்லை, மானத்தில் என்று புனிதமலர் விளங்கிக்கொண்டார். வீட்டு விசயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது வேலைக்காரருக்கு வேதம். அதனால் அவரும் தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரே கடலை இரண்டு பெண்கள் தனித்தனியாக மறைத்தார்கள். அங்கேதான் எல்லாம் பிழைத்தது.

செப்டெம்பர் 27 இரவு ஞானம்பிகை வந்து இறங்கினார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு முன்னரே புனிதமலரின் குரல்செய்தி ஒன்று போனில் வந்திருந்தது. திறப்பைப் பின்னேரம் கொண்டுவந்து தாறன் அக்கா, நாலு மணிக்கு முந்தி வெளிக்கிட ஏலாது. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்த நாலு மணியின் அர்த்தம் தெரியும், அது ஞானம்பிகைக்கு. தெரிந்தும் மனம் கேட்கவில்லை. பதினொன்றரைக்குத் தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். மேலே பல்கனியில், புரொபெஸ்ஸோரேக்கு நேர் எதிரே, கதிரையில் இருந்து புனிதமலர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்தில் அந்த மனிசன் தன்னை ஒருநாள் இரு என்று சொன்னதில்லையே என்று ஞானம்பிகைக்கு நெஞ்சு எரிந்தது. பத்து மணிக்குப் பிறகு தான் அங்கே நின்றதே இல்லை என்பது அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அங்கிருந்து நேரே விமலராணியின் கடைக்குப் போனார். பலெர்மோவில் தமிழ்ச் சாமான் விற்கும் கடைகளில் அது பழையது, அதே தெருவின் முனையில் இருக்கிறது. சனிக்கிழமை கொழும்பிலிருந்து மரக்கறி வரும் நாள் என்பதால் கடைக்குள் பதினொரு பேர் நின்றார்கள். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்ற அந்தப் பதினொரு பேருக்கும் முன்னால் ஞானம்பிகை சொன்னார்: "தீவாள் என்ர வீட்டைக் களவெடுத்திட்டாள்."

அப்போது நேரம் பதினொன்று நாற்பது. மேலே புரொபெஸ்ஸோரே 1221ஆம் ஆண்டை எழுதத் தொடங்கியிருந்தார். பதவி இழந்த அரசர் ஒருவரை ஓக்கிக்கு நாடு கடத்திய ஆண்டு அது. அந்த அரசர் பதினெட்டு வருடம் அங்கே இருந்து அங்கேயே செத்தார். தாளில் நாடு கடத்தல் வந்ததும், அந்த இடத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட ஆள் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கதிரையில் இருந்தார். கடல் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு, பிறகு பல்கனிக் கம்பிவரை வந்து நின்றது. நாலு மணிக்குப் பேனை மூடப்பட்டது. கடல் அசையவில்லை.

தெருவில் நின்று பார்த்தால் பல்கனி நாலு மாடி உயரத்தில்தான் இருந்தது. பல்கனியில் நின்று பார்த்தால் தெரு நாற்பது கடல் மைல் தூரத்தில் இருந்தது. குரல் எட்டவில்லை, போனில் சிக்னல் இல்லை. தீயணைப்புக்காரர் வந்து, தங்கள் ஏணி நாலு மாடிக்குப் போதும், நாற்பது மைலுக்குப் போதாது என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். எமிலியானுஸ் காற்றடித்த படகொன்றை நாலு மாடிக்கும் தூக்கிக்கொண்டு ஏறினான். வீட்டு நடைக்குள் இரண்டு நாள் துடுப்பு வலித்து, திரும்பவும் அதே மாடிப்படிக்கே வந்து சேர்ந்தான். ஐந்து தரம் போனான், ஐந்து தரமும் மாடிப்படி. வேலை செய்தது கூடை மட்டும்தான். இந்தத் தெருவில் எல்லாப் பல்கனியிலும் கயிற்றில் ஒரு கூடை தொங்கும், கிழவிகள் பாண் வாங்க இறக்குவார்கள். புனிதமலர் திங்கள் காலையில் இறக்கினால் கூடை செவ்வாய் பின்னேரம் தெருவுக்கு வந்தது. அனிற்றாவின் பள்ளிக்கூடக் கடிதங்கள் அதில் ஏறின, மூன்று நாளில் தாயின் கையெழுத்தோடும் கொஞ்சம் உப்போடும் இறங்கின. பள்ளிக்கூடத்தில் முதலில் மூக்கைச் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

சனிக்கிழமைகளில் அனிற்றா தெருவில் வந்து நின்று கை காட்டுவாள். நாற்பது மைலுக்கு அப்பால் இருந்து தாய்க்குத் தெரிந்தது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குத் தாய் கை காட்டினார்.

இவ்வளவும் கண்முன்னால் நடந்தும் பழி கழுவப்பட்டதா என்றால், இல்லை. கடலே காவல் நிற்கிற அளவுக்கு அவள் வீட்டைப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் கடையில் கதைத்தார்கள். கோயில்காரர் ஒரு பக்கம், சேர்ச்காரர் ஒரு பக்கம், நடுவில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் கோள் சொன்னார்கள். பேரின்பநாயகம் சாதுவான மனிசன். அவர் ஒரேயொரு தரம், பாவமெல்லே அந்தப் பிள்ளை, என்று சாப்பாட்டு மேசையில் சொன்னார். ஞானம்பிகை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். "தீவாள்தானே," என்றார், "நீந்தி வரட்டும்." இந்த வார்த்தை ஊர் முழுக்கப் போய்ச் சிரிப்பாகச் சிரித்தது. அதைச் சொன்ன வாய் இன்றைக்கும் வெந்துபோகாமல் இருப்பது இந்தக் கதையில் உள்ள எல்லா அதிசயங்களிலும் பெரிய அதிசயம். 2020 மார்ச்சில் முழு இத்தாலியும் வீட்டுக்குள் அடைபட்டபோது, இப்ப எல்லாரும் அவளைப் போலதானே என்று அதற்கும் ஒரு பகிடி விட்டார்கள். யூனில் கதவுகள் திறந்தன. அவருடைய கதவு திறக்கவில்லை.

மேலே புரொபெஸ்ஸோரே எழுத எழுத வரலாறு தன்பாட்டில் நடந்தது. நாடு கடத்தப்பட்டவருக்குப் பொழுது போகவேண்டும் என்று எழுத்தோடு வந்து சேர்ந்த ஓக்கித் தீவுச் சனங்கள் முன்னறையில் எருதுகளை முட்டவிட்டார்கள். மூன்றாம் மாடிக்காரி சீலிங்கிலிருந்து சுண்ணாம்பு கொட்டுகிறது என்று முறைப்பாடு எழுதினார். கூடையில் ஏறிய மிளகாய்த்தூளால் அந்தச் சனங்கள் மீன் குழம்புக்குப் பழகினார்கள். 2021இல் புரொபெஸ்ஸோரே 1333ஐ எழுதினார். இன்னொரு அரசர், படகில் காய்ந்த மீனுக்கு அடியில் ஒளித்து ஓக்கியிலிருந்து தப்பியதாகச் சொல்லப்படும் ஆண்டு. புனிதமலரும் அதே படகில், அதே மீனுக்கு அடியில் படுத்தார். அரசர் கரை சேர்ந்தார். புனிதமலரின் படகு திரும்பக் குசினிக்கே வந்தது. அவருடைய தலைமயிரில் மீன் நாற்றம் ஒரு மாதம் நின்றது. அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக உட்கார்ந்து அழுதார் என்று பிறகு தம்பிக்குச் சொன்னார். அனிற்றாவுக்கு அப்போது பத்து வயது, சேர்ச்சில் முதல்நன்மை எடுத்து மூன்று கிழமை. வெள்ளை உடுப்போடு எடுத்த படம் கூடையில் ஏறியபோது மை கரைந்து, கால் இரண்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

2023 ஒக்ரோபரில் வரலாறு 1868க்கு வந்தது. அந்த ஆண்டு ஓக்கித் தீவார், பெருநிலத்திலிருந்து வந்து தங்களை ஆண்ட அதிகாரியைத் துரத்திவிட்டு எண்பது நாள் தங்களைத் தாங்களே ஆண்டார்கள். பிறகு பெருநிலத்துப் படை வந்து பதினாலு பேரைக் கொன்றது. நாலாம் மாடியில் துரத்துவதற்குப் பொருத்தமான அதிகாரி ஒருவர்தான் இருந்தார். ஒன்பதாம் திகதி திங்கட்கிழமை காலை, புரொபெஸ்ஸோரே தீவார் வழிக்குக் கொடுத்தனுப்பிய ஒரு மூட்டை அரிசியோடும் ஒரு பீப்பாச் சாராயத்தோடும், தலையிலிருந்து கால்வரை நனைந்து, மாடிப்படியால் இறங்கி வந்தார். பதினைந்து வருடம் எழுதிக் கொடுத்த என்னைத் துரத்தி விட்டார்கள் என்று வந்த வேகத்தில் கத்தினார். விமலராணி கடைக்குள் கூட்டிப்போய்த் துவாய் கொடுத்து, அவர் சொன்னதை மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னார். தீவார் நன்றி கெட்ட சாதி என்று அவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னதில், கடையில் நின்ற புங்குடுதீவார் இரண்டு பேர் அடிக்கப் போனார்கள்.

எமிலியானுஸ் ஓடிவந்து, அக்காவை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டான். மனிசன் துவாயால் காதைத் துடைத்துக்கொண்டு, விலை சொல்வது போலச் சொன்னார். அவளைக் கடல் அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை, குற்றம் சாட்டியவள் அனுப்பினாள். சாட்டிய இடத்தில், கேட்ட அத்தனை பேர் முன்னாலும், சாட்டியவளே திருப்பி எடுத்தால் கடல் இறங்கும். இதை ஏன் நாலு வருடமாகச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஒருவரும் கேட்கவில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். மிச்சம் மூன்று வருடம்தான், மூன்று பக்கம். 1871இல் மாகாணம் ஒழிக்கப்படும். பக்கத்து ஊர் பகேரியாவில் தங்கை வீட்டில் இருந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி முடிக்கப்போகிறேன், அந்த நன்றிகெட்டதுகளுக்கு அது காணும். இல்லாமல் போன மாகாணத்திலிருந்து திரும்பி வந்த ஆள் கிடையாது. சொல்லிவிட்டு அரிசியையும் சாராயத்தையும் கடையிலேயே போட்டுவிட்டு ரெயில் ஏறிப் போனார். எமிலியானுஸ் பகேரியாவுக்குப் போய்க் காலில் விழுந்து பார்த்தான். வரலாறு யாருக்காகவும் நிற்காது என்று கதவைச் சாத்தினார்கள்.

அதனால் புதன்கிழமை எமிலியானுஸும் அனிற்றாவும் ஞானம்பிகையின் வாசலில் போய் நின்றார்கள். அவர் கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை. எமிலியானுஸ் கெஞ்சினான். அனிற்றாவுக்குப் பன்னிரண்டு வயது, மாமனைவிட அரைச் சாண்தான் கட்டை. அவள் கெஞ்சவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணால் கண்டதைத்தான் நான் சொன்னனான், கதிரையில் இருந்தவள், அதுக்கு நான் என்ன செய்ய, என்றார் ஞானம்பிகை. பதினொரு பேருக்கு முன்னால் போய் நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லச் சொல்லுறியளோ, நானோ, என்று கேட்டுக் கதவைப் பூட்டினார்.

வெள்ளி பின்னேரம் கூடை இறங்கியது. அதற்குள் ஒரு கடிதம், மேலே ஞானம்பிகை அக்காவுக்கு என்று எழுதியிருந்தது. புரொபெஸ்ஸோரே சொன்னதையெல்லாம் எமிலியானுஸ் திங்கட்கிழமையே அக்காவுக்கு எழுதி ஏற்றியிருந்தான். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவன்தான். பிரிக்காமல் கொடுத்தான். அதில் இருந்தது இவ்வளவுதான்.

"அக்கா, நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். பிள்ளையை எமிலியானுஸ் பாப்பான். நீங்கள் பத்து மணிக்கு முந்தி ஓடிப்போறனீங்கள் எண்டு புரொபெஸ்ஸோரே எனக்கு முதல் கிழமையே சொன்னவர். கடல் வாறது உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இனியும் சொல்லன்."

ஞானம்பிகை கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அழுதார் என்று கோயில்காரர் சொல்வது பொய். அவருக்கு வந்தது ஆத்திரம், அதுவும் சாதாரண ஆத்திரம் அல்ல. நாலு வருடமாகத் தன்னுடைய மானம் ஒரு தீவாளின் வாய்க்குள் இருந்திருக்கிறது. ஒரு சொல்லால் தன்னைத் தெருவில் இழுத்துவிட்டிருக்கலாம், செய்யவில்லை. இனி அவள் மாகாணத்தோடு இல்லாமல் போய்விட்டால், காலம் முழுக்க அவளுக்குக் கீழேதான் தான் நிற்கவேண்டும். எனக்குப் பெரிய மனிசியாகப் பார்க்கிறாள், என்று கடிதத்தை மேசையில் அடித்தார். பேரின்பநாயகத்தைக் கூப்பிட்டு, அன்றைக்குக் கடையில் நின்ற பதினொரு பேரின் பெயரையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வஞ்சகம் பிடித்த மனத்துக்கு ஞாபகசக்தி நல்லாய் இருக்கும். நாளைக்குக் காலமை எல்லாரும் அங்கை நிக்கவேணும், என்றார்.

சனிக்கிழமை, ஒக்ரோபர் 14, ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவர் லண்டனுக்கும் ஒருவர் கனடாவுக்கும் போயிருந்தபடியால் அவர்களைப் போனில் எடுத்து, முகம் தெரிகிற மாதிரிப் பருப்பு மூட்டைமேல் சாய்த்து வைத்தார்கள். கனடாவில் விடியவில்லை, அந்த மனிசன் போர்வையோடு இருந்தார். எமிலியானுஸும் அனிற்றாவும் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஞானம்பிகை கோயிலுக்குக் கட்டும் சேலையோடு வந்தார். ஒருவரையும் பார்க்காமல், முருங்கைக்காய்ப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "புனிதமலர் என்ர வீட்டைக் களவெடுக்கேல்லை. நான் சொன்னது பொய்." குரல் கறாராக இருந்தது, கடனுக்குச் சாமான் கேட்டவரைத் திருப்பி அனுப்புகிற குரல். லண்டன்காரர் மட்டும், விளங்கேல்லை, திரும்பச் சொல்லுங்கோ என்றார். திரும்பவும் சொன்னார். இரண்டாம் தரம் சொல்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

தெருவில் மாடிப்படி வாசலால் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. மீன், பாசி, எருதுச் சாணம், ஒரு மரச் செருப்பு, எல்லாம் வழிந்து துறைமுகப் பக்கமாக ஓடியது. கால் மணிநேரம் கழித்துப் புனிதமலர் கடை வாசலில் நின்றார். அறுநூற்று நாற்பத்தேழு வருடம் அந்த மாகாணத்தில் இருந்தவர். முகத்தில் தெரிந்தது நாலு வருடம். கையில் திறப்பு. உரியவர் எங்கே நிற்கிறாரோ அங்கே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் ஒழுங்கு, ஆகவே நேரே வந்து ஞானம்பிகைக்கு முன்னால் திறப்பை வைத்தார்.

சனம் விடுமோ. ஏன் அண்டைக்குக் காலமையே திறப்பைக் கொண்டுவந்து குடுக்கேல்லை, உள்ளுக்கு என்னதான் நடந்தது என்று நாலு பக்கத்தாலும் கேட்டார்கள். புனிதமலர் வாய் திறக்கவில்லை. அவர் வாய் திறக்காமல் நிற்பதை ஞானம்பிகை பார்த்துக்கொண்டிருந்தார். தாங்க ஏலவில்லை.

"கடல் வாறது எனக்கு முந்தியே தெரியும்," என்றார். "பதினொரு வருசம் பத்து மணிக்கு ஓடினனான். இவளுக்கு நான் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் இவள் போயிருக்கமாட்டாள்."

புனிதமலர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இதை நாலு வருசத்துக்கு முந்திச் சொல்லியிருக்கலாம்," என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

பிறகு திரும்பி மகளைத் தேடினார். அவருடைய கண் எட்டு வயதுப் பிள்ளையின் தலை நிற்கும் உயரத்தில் தேடியது. ஆட்களின் இடுப்பு, பை, மூட்டை, குளிர்பெட்டி எல்லாம் பார்த்தது. எமிலியானுஸுக்குப் பக்கத்தில் நின்ற உயரமான பெட்டையை ஒருதரம் பார்த்து, யாரோ என்று விலத்திக்கொண்டு போனது. பதினொரு பேரும் அதைக் கண்டார்கள். ஞானம்பிகையும் கண்டார். இரண்டாம் தரமும் அந்தக் கண் விலத்திப் போனபோது, "மம்மா, சோனோ இயோ," என்றாள் அனிற்றா. தாய் விளங்காமல் நின்றார். "நான்தான்," என்றாள் பிள்ளை, மெல்ல.

ஞாயிற்றுக்கிழமை புரொபெஸ்ஸோரே சொன்னபடியே மூன்று பக்கத்தையும் எழுதி முடித்தார். மாகாணம் ஒழிக்கப்பட்டது, நாலாம் மாடி காய்ந்தது. அவர் திரும்பி வரவில்லை, வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் அதை உல்லாசப் பயணிகளுக்கு நாள்கணக்கில் வாடகைக்கு விடுகிறார். படுக்கையில் மணல் கிடக்கிறது என்று அவர்கள் போனில் குறை எழுதுகிறார்கள். இந்த இரண்டு பெண்களுக்கும் அந்த வீடு இல்லாமல் போனது. ஞானம்பிகைக்கு இப்போது வேறு இரண்டு வீடு இருக்கிறது. பத்து மணிக்கு ஓடுவதில்லை. புனிதமலர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் தம்பி வேலை செய்யும் கடையில் மீன் வெட்டுகிறார். மகள் முதல் ஒரு வருடம் அவரோடு இத்தாலியனில்தான் கோபித்தாள். இப்போது தமிழிலும் கோபிக்கிறாள், அதனால் நிலைமை பரவாயில்லை.

ஞானம்பிகையும் புனிதமலரும் கதைப்பதில்லை. மன்னிப்பு என்று ஒருவர் கேட்கவுமில்லை, மற்றவர் கொடுக்கவுமில்லை. மாகாணம் போனாலும் கடலுக்கு ஒரு போக்கிடம் வேண்டுமே. சனிக்கிழமை மரக்கறி வரும் நாளில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடைக்குள் வந்துவிட்டால், இருவருக்கும் நடுவில் தரையிலிருந்து உப்புத் தண்ணீர் ஊறிக் கணுக்கால்வரை வந்து நிற்கும். ஒருவர் வெளியே போனதும் வடிந்துவிடும். விமலராணி அரிசி மூட்டைகளை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டார். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முருங்கைக்காய் தெரிந்தெடுக்கிறார்கள்.